‘இந்தியாவில் விவாகரத்து 1 சதவீதம்தான்’ என்கிறார்கள், என் அக்கா அதில் எந்தக் கணக்கு?

கொங்குக்கிளி:

வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு படம் போட்டிருக்கிறார். நாடு வாரியாக விவாகரத்து எத்தனை சதவீதம் என்று பட்டியல். உச்சியில் போர்ச்சுகல் 94, கடைசியில் இந்தியா 1. அதற்கு அடியில் கைகூப்பும் படம், ‘நம் பண்பாட்டின் பெருமை’ என்று ஒரு வரி. இரண்டு சித்தப்பா, ஒரு அத்தை, எல்லோரும் கட்டைவிரல் காட்டியாகிவிட்டது.

என் அக்காவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். பார்த்திருப்பாள், ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான பதினான்காவது மாதம் ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஒன்பது வருடமாக இங்கேதான் இருக்கிறாள். சீராகக் கொடுத்த கிரைண்டர்கூட இன்னும் அங்கேதான். கோர்ட்டுக்கு அவளும் போகவில்லை, அவரும் போகவில்லை. அவர் இப்போது வேறு ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா ‘மாப்பிள்ளை வெளியூர்ல வேலையா இருக்காரு’ என்று காபி ஆற்றிக்கொண்டே சொல்வாள், வந்தவர்களும் அப்படியா என்று குடிப்பார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். இந்த 1 சதவீதத்தை யார் எப்படி எண்ணினார்கள்? என் அக்கா இதில் எங்கே வருகிறாள்? அப்புறம், மிசோரத்தில் மட்டும் 4 சதவீதம், உத்தரப் பிரதேசம், பீகார் பக்கமெல்லாம் ஒன்றுமே இல்லாத மாதிரி என்று வேறொரு இடத்தில் படித்தேன். அங்கே எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாகவா இருக்கிறார்கள்?

சராசரி_ஆள்:

கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன், அதனால் இந்த மாதிரி படத்தைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும்.

முதலில் போர்ச்சுகல். அந்த 94 என்பது ‘நூறு ஜோடியில் 94 ஜோடி பிரிந்துவிட்டது’ என்று அர்த்தமில்லை. ஒரு வருடத்தில் நடந்த விவாகரத்துகளை அதே வருடத்தில் நடந்த கல்யாணங்களால் வகுத்துப் போடுகிற கணக்கு அது. இந்த வருடம் விவாகரத்து வாங்கியவர்கள் பத்து, இருபது வருடத்துக்கு முன்னால் கல்யாணம் பண்ணியவர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? 2019இல் அங்கே 33 ஆயிரம் சொச்சம் கல்யாணம் நடந்தது. 2020இல் கொரோனா வந்து மண்டபமெல்லாம் மூடியதும் அது 19 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. விவாகரத்து 17 ஆயிரம் சொச்சம். வகுத்துப் பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல் வந்து நிற்கிறது. யாரும் கூடுதலாகப் பிரியவில்லை, கல்யாணம்தான் தள்ளிப்போனது. உங்கள் பெரியப்பா படத்தின் உச்சியில் இருக்கிற நம்பர் அநேகமாக இப்படி வந்ததுதான்.

இன்னொரு கணக்கு, ஆயிரம் பேர் மக்கள்தொகைக்கு வருடத்துக்கு எத்தனை விவாகரத்து என்பது. அதில் மாலத்தீவு 10.97 என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிய நாடு, ஐ.நா. 2002இல் சொன்ன எண். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு தோணி போகிற பக்கத்து ஊர்தான், வேற்றுக் கிரகம் இல்லை. அங்கே பிரிவதும் சுலபம், பிரிந்தவர்கள் மறுபடி கட்டிக்கொள்வதும் சர்வசாதாரணம். ஒரே ஆள் மூன்று முறை பிரிந்தால் மூன்று என்று எண்ணப்படும். அமெரிக்காவில் இதே கணக்கு 1980 வாக்கில் ஐந்துக்கு மேல் இருந்தது, இப்போது அதில் பாதிகூட இல்லை. அங்கே உறவெல்லாம் திடீரென்று இனித்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கல்யாணம் பண்ணுகிறவர்களே குறைந்துவிட்டார்கள், பண்ணுகிறவர்களும் வயது முற்றித்தான் பண்ணுகிறார்கள்.

பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டமே கிடையாது, அதனால் பட்டியலில் கிட்டத்தட்ட பூஜ்யம். அயர்லாந்தில் 1995இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, 50.28 சதவீதம் ஆதரவு என்று நூலிழையில் ஜெயித்த பிறகுதான் விவாகரத்தே வந்தது. அதற்கு முந்தின வருடம் வரை அயர்லாந்துக்காரர்களும் ‘பண்பாட்டுப் பெருமை’ படம் போட்டிருக்கலாம்.

இந்தியாவுக்கு வந்தால், வருடத்துக்கு இத்தனை விவாகரத்து என்று நாடு முழுமைக்கும் யாரும் எண்ணி வெளியிடுவதே இல்லை. கையில் இருக்கிற உருப்படியான எண் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் விவாகரத்தானவர்கள் 13.6 லட்சம் பேர், மணமானவர்களில் 0.24 சதவீதம். 1 சதவீதம்கூட இல்லை, பெரியப்பாவிடம் சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவார். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ‘பிரிந்து வாழ்பவர்கள்’ என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 35 லட்சம் பேர். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உங்கள் அக்கா வரவேண்டிய இடம் அதுதான்.

வரவேண்டிய என்றுதான் சொல்கிறேன், வந்தார் என்று சொல்லவில்லை. 2011க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லையே. அவர் பிரிந்து வந்தது அதற்கு அப்புறம்.

ஊர்சுத்தி77:

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ஆராய்ச்சி. பொண்ணுங்க ஐடி கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் அட்ஜஸ்ட் பண்ணும் குணம் போய்விட்டது. கிராமத்தில் போய்ப் பாருங்கள், ஒன்றும் கிடையாது.

சராசரி_ஆள்:

@ஊர்சுத்தி77 அதே 2011 கணக்கில் விவாகரத்தும் பிரிவும் சேர்த்துப் பார்த்தால் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசம் மிகமிகக் குறைவு. உங்கள் ஊரிலேயே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.

ஓய்வு_வாத்தியார்:

2011 பிப்ரவரியில் கணக்கெடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். எங்களை மாதிரி பள்ளிக்கூட வாத்தியார்கள்தானே எல்லா ஊரிலும் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. காலையில் ஒரு சுற்று, பள்ளி விட்ட பிறகு ஒரு சுற்று.

‘தற்போதைய திருமண நிலை’ என்று ஒரு கேள்வி. மணமாகாதவர், மணமானவர், கணவன் அல்லது மனைவியை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்தானவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அதற்கு முந்தைய 2001இல் கடைசி இரண்டும் ஒரே குறியீடு, 2011இல்தான் பிரித்துக் கேட்டார்கள். என்ன சொல்கிறார்களோ அதை எழுதவேண்டியதுதான் எங்கள் வேலை. தீர்ப்பு நகலைக் காட்டு என்றெல்லாம் கேட்க முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: எந்தப் பெண்ணும் தன் கணவன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை என்று 1948ஆம் வருடக் கணக்கெடுப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற வழக்கத்துக்காக வைத்தது.

ஒரு வீடு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்காரர் பதில் சொல்கிறார். மூத்த மகள், வயது 27, பெயர், படிப்பு எல்லாம் ஆயிற்று. திருமண நிலை என்று கேட்டதும் ‘ஆயிடுச்சு’ என்றார். அந்தப் பெண் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள், மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறாள், கோவிலில் தினம் பார்க்கிறேன். நிலைப்படிக்கு உள்ளே முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘மணமானவர்’ என்பதற்குரிய எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

இந்த மாதிரி என் பகுதியில் மட்டும் நாலைந்து வீடு. 35 லட்சம் என்று மேலே ஒருவர் சொன்னாரே, அது வெளியே சொன்னவர்கள் மட்டும்தான் தம்பி.

மலைமேல்_வங்கிக்காரன்:

மிசோரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அய்சாலில் நாலு வருடம் வங்கி வேலையில் இருந்தேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

2011 கணக்கில் மிசோரம் 4.08 சதவீதம், இந்தியாவிலேயே முதலிடம். அடுத்து வருகிற நாகாலாந்தே 0.88தான் என்றால் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஆனால் மிசோரம் மொத்தமே 11 லட்சம் பேர், சென்னை மாநகராட்சியைவிட ரொம்பச் சின்ன கூட்டம், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாநிலங்களில் முதலில் நிற்பது குஜராத், 0.63. அது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், எனக்கும் இருந்தது, காரணம் இன்றுவரை பிடிபடவில்லை.

மிசோக்களிடம் கல்யாணம், பிரிவு இரண்டுக்கும் வழிவழியாக வந்த வழக்கச் சட்டம் உண்டு. மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குப் பணம் கொடுக்கும். ஆண் ‘உன்னை விட்டுவிட்டேன்’ என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், முடிந்தது, ‘மாக்’ என்பார்கள். பெண்ணும் வாங்கிய பரிசப்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடுவித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தால் வெறுங்கையோடு தெருவுக்கு வந்த பெண்கள் நிறைய. பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்கில் போராடித்தான் 2014இல் மிசோ திருமண, விவாகரத்து, சொத்துரிமைச் சட்டம் வந்தது, இப்போது சேர்ந்து சம்பாதித்ததில் மனைவிக்கும் பங்கு கேட்க முடியும். ஆகவே அங்கே பெண்கள் ராணி மாதிரி இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

வித்தியாசம் என்னவென்றால் வெட்கம். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா பெரிய பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார், அங்கே கடைகளில் பாதிக்கு மேல் பெண்கள்தான். முதல் மாதம் வாடகை கொடுக்கப் போனபோது, டீ ஊற்றிக்கொண்டே ‘நான் விவாகரத்தானவள், என் பெரிய மகளும் அப்படித்தான், சின்னவளுக்கு வரும் டிசம்பரில் கல்யாணம்’ என்று ஒரே மூச்சில் சொன்னார். எனக்குத்தான் டீ தொண்டையில் நின்றது. அந்தம்மா வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

உத்தரப் பிரதேசம் பற்றி: அங்கேயும் இரண்டு வருடம் இருந்தேன். பெண்ணைத் தெரியாத ஊரில், தூரத்தில்தான் கட்டிக்கொடுப்பார்கள். சொந்த ஊருக்குள் கட்டவே கூடாது என்பது வழக்கம். நம் பக்கம் மாதிரி மாமன் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் கொடுத்து, சண்டை வந்தால் மாலை பஸ்ஸில் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிற வசதி கிடையாது. வந்தாலும் அண்ணன் நாலாம் நாள் கொண்டுபோய் விட்டுவிடுவான். ஹரியானா, ராஜஸ்தான், பீகார் எல்லாம் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். திரும்பி வர இடமில்லாதவள் எங்கே பிரிவது?

கறுப்புக்கோட்டு:

இருபது வருடமாகக் குடும்ப நல வழக்குகள் நடத்துகிறேன். சகோதரி, உங்கள் அம்மா சொல்லும் ‘வெளியூர்ல வேலை’ பதிலை நான் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறேன்.

விவாகரத்து என்பது நம் ஆட்களுக்கு நேற்று வந்த பழக்கம் என்று நினைப்பதே தப்பு. தெற்கே சில சமூகங்களில் ஊர் கூடி, துரும்பைக் கிள்ளிக் கொடுத்தால் தீர்ந்தது என்று ஒரு முறையே இருந்தது. தீர்த்துவிட்ட பெண்ணை இன்னொருவர் கட்டிக்கொள்வதற்கு ‘அறுத்துக்கட்டுவது’ என்று பெயரே இருக்கிறது. பெயர் இருக்கிறது என்றால் அடிக்கடி நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? 1955இல் இந்துத் திருமணச் சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியும், அதனால்தான் 29ஆம் பிரிவில், வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையைத் தொடமாட்டோம் என்று போட்டார்கள். ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்மையிலேயே உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்கவேண்டும். அது தெரியாமல் இன்றைக்கும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ‘இன்று முதல் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்தமாட்டோம்’ என்று எழுதி, நாலு சாட்சிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பத்து வருடம் கழித்து, அந்த ஆள் இறந்த பிறகு, பென்ஷன் யாருக்கு என்று கேள்வி வரும்போதுதான் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். இவர்களெல்லாம் எந்தச் சதவீதத்தில் வருவார்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு தனியாக ஒரு ஓய்வூதியம் கொடுக்கிறது. ஒரு அரசாங்கம் தனித் திட்டம் போடுகிற அளவுக்கு ஆள் இருக்கிறார்கள். அதைப் பெரியப்பா குழுவில் போடலாம்.

2011 கணக்கிலேயே விவாகரத்தான பெண்கள் ஆண்களைப் போல இரண்டு மடங்கு, பிரிந்து வாழ்கிறவர்களிலும் அப்படியே. ஒரு ஜோடி பிரிந்தால் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்றுதானே வரவேண்டும்? ஆண் மறுபடி கட்டிக்கொண்டு ‘மணமானவர்’ கட்டத்துக்குப் போய்விடுகிறான். கிளி, உங்கள் அக்கா வீட்டுக்காரரும் அடுத்த கணக்கெடுப்பில் ஜம்மென்று மணமானவர்தான்.

காரைநகர்_டொரண்டோ:

இலங்கைப் பக்கக் கதையையும் சொல்லுகிறேன். எங்கட பொதுச் சட்டத்தின்படி கலியாணம் எழுதினவை பிரிய வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு பக்கம் குற்றவாளியாக வேண்டும். வேறொருவரோடு தொடர்பு, வேண்டுமென்றே விட்டுப்போனது, ஆண்மைக் குறைவு, இந்த மூன்றுதான் காரணம். இரண்டு பேரும் சேர்ந்து போய், ஐயா எங்களுக்கு ஒத்துவரேல்லை என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். அதனால் சனம் பொய்க்கு ‘விட்டுட்டுப் போனவர்’ என்று எழுதி வருடக்கணக்கில் இழுபடும். ஆனால் அதே தீவில் கண்டியச் சிங்களவருக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அதன்கீழ் கட்டினவர்கள் இருவரும் சம்மதித்தால் நீதிமன்றமே இல்லாமல் மாவட்டப் பதிவாளரிடம் போய் முடித்துக்கொண்டு வரலாம். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் மனித மனம் வேறையா? கதவுதான் வேறை.

நான் இருக்கிற கனடாவில் 1968 வரைக்கும் நாடு முழுமைக்கும் ஒரு விவாகரத்துச் சட்டம் இல்லை. கியூபெக்கில் இருந்த ஒருவர் பிரிய வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் அவருக்கென்று தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும்! இப்ப ஒரு வருடம் பிரிந்து இருந்தால் போதும். இங்கே வந்த பிறகு எங்கட ஆட்களிலும் நிறையப் பேர் பிரிந்தார்கள். ஊரில் பெரியவர்கள் ‘வெளிநாடு கெடுத்துப்போட்டுது’ என்பார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது, ‘தம்பி, நான் ஊரிலேயே பிரிஞ்சிட்டன், இங்கை வந்துதான் பேப்பர் எடுத்தனான்.’

கொங்குக்கிளி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள், ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் அக்காவுக்கு என்னப்பா சொல்வீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே ‘அதெல்லாம் வரப்போ பார்த்துக்கலாம்’ என்றார். அக்கா ‘நான் சொல்லிக்கிறேன்’ என்றாள். அவ்வளவுதான், வேறு பேச்சு வரவில்லை.

கறுப்புக்கோட்டு சார், ஒரு கேள்வி. அக்கா வீட்டுக்காரர் சம்மதமே சொல்லமாட்டார். இப்போது போய் நாம் கேட்டால் நகை, சீர் எல்லாம் திரும்பக் கேட்போம் என்று பயம். அவர் ஒத்துக்கொள்ளாமல் அக்கா மட்டும் மனு போட முடியுமா? கல்யாணம் கோவிலில் நடந்தது, பதிவு பண்ணவே இல்லை.

கறுப்புக்கோட்டு:

முடியும். பரஸ்பர சம்மதம் என்பது ஒரு வழி, 1976இல் வந்தது, அதற்குத்தான் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். காரணமில்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுப் பிரிந்திருந்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒருவரே போடலாம். அவர் வேறு ஒருத்தியோடு இருப்பதும் தனிக் காரணம்தான், ஆனால் அதை நிரூபிக்கிற வேலை கொஞ்சம் அழுக்கு, அக்காவைக் கேட்டு முடிவு பண்ணுங்கள். ‘அவளாகத்தான் போனாள்’ என்று எதிர்ப்பக்கம் சொல்வார்கள். ஏன் வந்தார் என்பதைத் தேதியோடு, நினைவிருக்கிற வரைக்கும், அக்காவையே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர் ஊர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம்.

பதிவு இல்லாவிட்டாலும் கல்யாணம் செல்லும். கோவில் ரசீது, பத்திரிகை, தாலி கட்டுகிற போட்டோ ஒன்று, இவை போதும். நகை, சீருக்கும் கேட்கலாம். பட்டியல் வைத்திருக்கிறீர்களா?

கொங்குக்கிளி:

சீர் பட்டியல் அம்மா எழுதி வைத்தது இருக்கிறது, கிரைண்டர் பில்லோடு. ஆல்பத்தை அக்கா அப்போதே கிழித்துப் போட்டுவிட்டாள். போட்டோ கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன். பத்திரிகை பரணில் ஒரு கட்டு மிச்சமிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஏறி எடுக்கவேண்டும்.